திருகாணி

நாளை மறுநாள் எனக்கு ஆஞ்சியோகிராம். ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. சுகர் மாத்திரையை இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். வலது மணிக்கட்டிலும் தொடை இடுக்கிலும் முடி மழித்திருக்க வேண்டும். கிரியாட்டினின் ரிசல்ட், ஆதார், ரேஷன் கார்டு, காருண்யா கார்டு, எல்லாவற்றிலும் ஒரிஜினலோடு இரண்டு நகல். மோதிரம், செயின், பொய்ப்பல் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். கடைசி வரி: பைஸ்டாண்டர் ஒருவர் கட்டாயம்.

நகலுக்காக நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. வித்துராவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனே நான்தான். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என் கடை வழியாகத்தான். விடிந்ததும் விடியாததுமாக ஆனவண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார்கள். எக்கோ ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. யாருக்கு என்ன நோய் என்பது தாலுகா ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தாளை வாங்குவேன், கவிழ்த்துப் போடுவேன், எத்தனை என்று மட்டும் கேட்பேன். ஐசர் கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவருகிற ஆராய்ச்சித் தாள்களுக்கும் இதே கண்ணாடிதான்.

நேற்று கடையை அடைக்கிற நேரத்தில் என் காகிதங்களை நானே கவிழ்த்துப் போட்டேன். கண்ணாடியில் மோதிரம் பட்டு 'டிக்' என்றது. கழற்றிப் பார்க்கலாமே என்று திருகினேன். கல்யாணத்துக்குப் போட்டது. அந்த விரல் வேறு, இந்த விரல் வேறு. கணுவுக்குக் கீழே வந்து நின்றுகொண்டது. அம்மாவின் மூக்குத்தியும் இப்படித்தான் நின்றது, 1996 தை மாதத்தில்.

அப்போது நாங்கள் மேலே, எஸ்டேட் லயத்தில் இருந்தோம். எந்த எஸ்டேட் என்பது இங்கே தேவையில்லை. வித்துராவுக்கு மேலே அகத்தியர் மலையைப் பார்த்தபடி இருந்த தேயிலைக் காடுகளில் ஒன்று. அப்பாவுக்கு ஃபாக்டரியில் ட்ரையர் வேலை. அம்மா கொழுந்து எடுப்பாள். நான் நெடுமங்காட்டில் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பத்து வயதில் தொண்டை வலித்துக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். காய்ச்சல் விட்டதும் முட்டியும் கணுக்காலும் வீங்கியிருக்கிறது. முட்டுவாதம் என்று எண்ணெய் தடவியிருக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் எல்லாரும் மறந்துபோனார்கள். அவள் இதயம் மட்டும் மறக்கவில்லை. தொண்டைக் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படையே வழிதவறிப்போய் இதயத்தின் வால்வைக் கடித்துவைக்கும். கடித்த இடம் வருஷக்கணக்கில் தடித்துச் சுருங்கும். முப்பத்தெட்டு வயதில் அவளால் மேட்டு ஃபீல்டுக்கு ஏற முடியவில்லை. சாக்குச் சுமையோடு பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

திருவனந்தபுரத்தில் எக்கோ பார்த்துவிட்டு டாக்டர் ஒரு சட்டைப் பொத்தானின் ஓட்டையைக் காட்டினாராம். கதவு மாதிரித் திறக்க வேண்டியது இவ்வளவுதான் திறக்கிறது என்று. வால்வை மாற்ற வேண்டும், ஸ்ரீ சித்திரையில். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள் இருக்கிற ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரி. திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா பெயரில், அரச குடும்பம் 1973-ல் கொடுத்த கட்டடத்தில் தொடங்கியது. அங்கே வைக்கப்போவது இந்த ஊரிலேயே செய்த வால்வு என்று எஸ்டேட் கம்பவுண்டர் மாமாதான் வந்து சொன்னார். அவருக்கு அதில் ஒரு பெருமை. பூஜப்புரை அரண்மனையில் வைத்துச் செய்த சாமானாக்கும் என்பார். அது உண்மைதான். சாட்டல்மண்ட் அரண்மனையில் நடந்த ஆராய்ச்சிக் கூடத்தில், மாவேலிக்கரைக்காரரான டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் புவனேஸ்வர் என்ற பொறியாளரும் அவர்கள் கூட்டமும் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்தது. வெளிநாட்டு வால்வை வாங்க நம் ஆட்களுக்கு வழியில்லை என்பதுதான் தொடக்கம். முதல் மாதிரிகள் பரிசோதனையில் நிற்கவில்லை. கடைசியில் ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, தைப்பதற்குச் சுற்றிலும் பாலியஸ்டர் துணி என்று நிலைத்தது. செம்மறியாடுகளில் வைத்துப் பார்த்துவிட்டு, 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் முறையாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள். மாமா எங்கள் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்து, மூடியைப் பாதி சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். "இவ்வளவுதான் மைனி. ரத்தம் தள்ளினா திறக்கும், திரும்ப வந்தா மூடும்." அம்மா கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆட்டுக்கு வெச்சாங்களா?" என்றாள். "வெச்சாங்க." "ஆடு என்ன ஆச்சி?" மாமாவிடம் பதில் இல்லை.

பாட்டிக்குத்தான் ஒப்பவில்லை. அவள் மலைக்கு அந்தப் பக்கம், பாபநாசத்துக்காரி. அகத்தியர் மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தாமிரவருணி. ஊரை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் கிழக்கே மலையைப் பார்த்து 'அந்தாக்குல நம்ம ஊரு' என்பாள். வைத்தியத்துக்கே ரிஷி தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் எதற்குக் கீழே போய் நெஞ்சைப் பிளக்கிறார்கள் என்பது அவள் கேள்வி. முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதே மலையில் காணிக்காரர்கள் களைப்புக்குத் தின்கிற ஒரு பழத்தைப் பார்த்துத்தான் 1987-ல் விஞ்ஞானிகள் ஆரோக்கியப்பச்சையைக் கண்டுகொண்டார்கள். ஆனால் ஒட்டிப்போன வால்வைத் திறக்கிற பச்சிலை எந்த மலையிலும் முளைப்பதில்லை.

ஆபரேஷன் தேதிக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் வரியே எங்களைக் குழப்பியது. பல்.

இதயத்தில் ஆபரேஷனுக்கு எதற்குப் பல் டாக்டர்? சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறினால் நேராகப் போய்ப் புது வால்வில்தான் குடியேறும். அதனால் வாயைச் சுத்தம் செய்து, பல் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் நெஞ்சைத் தொடுவார்கள். அம்மா வெற்றிலைக்காரி. மழையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்கள் வெற்றிலை இல்லாமல் எப்படி நிற்பார்கள்? பக்கத்திலேயே இருந்த டெண்டல் காலேஜில் நான்கு பல் எடுத்தார்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே அம்மா கையை நீட்டினாள். பிடுங்கிய பல்லைக் கேட்கிறாள் என்று புரிந்துகொள்ள, பல் எடுத்த பையனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சிரித்துக்கொண்டே காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். பஸ்ஸில் பேரூர்க்கடை, நெடுமங்காடு, தொளிக்கோடு என்று வழி நெடுக அந்தப் பொட்டலம் அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. வீட்டுக்கு வந்து வாசல் ரோஜாச் செடியின் தூரில் குழி தோண்டிப் போட்டாள். எதற்கு என்று கேட்டேன். "என்னுது. அவங்க குப்பையில போடவா?" என்றாள்.

அடுத்தது ரத்தம். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் வந்து கொடுக்க வேண்டும். ரத்தம் கொடுத்தால் மலை ஏற முடியாது, ஆண்மை போய்விடும், ஃபாக்டரியில் பேர் வெட்டிவிடுவார்கள் என்று லயத்தில் மூன்று நாள் பேச்சு. நாலாம் நாள் விடியற்காலை ஒரு ஜீப்பில் ஒன்பது பேர் ஏறினார்கள். அதில் இரண்டு பேர் அப்பாவோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் வருஷக்கணக்காகப் பேச்சில்லாதவர்கள். ரத்தம் கொடுத்தபின் ஆளுக்கு ஒரு கிளாஸ் டீயும் பிஸ்கட்டும் தந்தார்கள். டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, அந்த இரண்டு பேரில் ஒருவர் அப்பாவைப் பார்த்தார். "டஸ்ட்" என்றார். அப்பாவும் ஒரு மிடறு குடித்தார். "அதுவும் பழசு" என்றார். அவர்களுக்குள் பேச்சு திரும்பத் தொடங்கியது இப்படித்தான். நல்ல இலையெல்லாம் எங்கள் ஃபாக்டரியிலிருந்து எங்கேயோ போய்விடும்; சலித்து மிஞ்சுகிற தூள்தான் உள்ளூர் கிளாஸுக்கு வரும். தேயிலைக்காரனுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும்.

வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சர்டிபிகேட், யூனியன் ஆபீஸில் ஒரு கடிதம், அப்பாவின் பிராவிடண்ட் ஃபண்டில் ஒரு கடன். இதற்கெல்லாம் நடந்தது நான்தான். அதைச் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நின்றேன், வாங்கினேன்.

சொல்ல வேண்டியது மூக்குத்தியை. உடம்பில் ஒரு குண்டுமணி உலோகம் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனில் ரத்தக் குழாய்களைக் கரண்டு வைத்துத்தான் பொசுக்கி அடைப்பார்கள். உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடும். வளையல் கழன்றது. தோட்டைக் கழற்றியாயிற்று. தாலியை அம்மா தன் கையால் கழற்ற மாட்டேன் என்றாள். அப்பா விளக்குக்கு முன்னால் நின்று கழற்றிவிட்டு, மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றைப் போட்டார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. மூக்குத்தியில் வந்து நின்றுபோனது. மூன்று சிவப்புக் கல் பதித்தது, பெரியவளானபோது பாட்டி போட்டது. அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. திருகாணி உள்ளே மறையோடு மறையாக இறுகிவிட்டது.

மேட்டு லயத்து அத்தை வந்தாள். சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவாள், அம்மாவை மைனி என்பாள், அதனால் அத்தை. அம்மாவின் தலையைத் தன் மடியில் சாய்த்து, சூடு காட்டிய தேங்காய் எண்ணெயைக் கோழியிறகில் தொட்டுத் தொட்டு மூக்குக்குள் விட்டாள். ஊறட்டும் என்று ஒரு மணி நேரம். திரும்ப விட்டாள். நகத்தால் திருகாணியைப் பிடித்துத் திருகினாள். அம்மாவின் கண்ணில் நீர் கொட்டியது. வலியா என்று கேட்டால் தும்மல் என்றாள். நான் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் அம்மாவின் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மேலுதட்டில் வியர்வை. மூக்கின் இடப்பக்கம் மூக்குத்தியின் வட்டத்துக்குள் மட்டும் தோல் வெளுத்து, ஒரு சின்னப் பெண்ணின் தோல் மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷ வெயில் அங்கே மட்டும் படவில்லை.

வரவில்லை. மறுநாள் நெடுமங்காட்டில் தட்டார் கடைக்குப் போனோம். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெட்டத்தான் வேண்டும் என்றார். சின்னக் கத்திரி உள்ளே போனது. 'டிக்'. தண்டு தனி, பூ தனி. வெட்டிய தங்கத்தையும் மூன்று கல்லையும் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அம்மா கடையிலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். "மூளி மாதிரி இருக்கேன்லா மக்கா" என்றாள். அந்த ஒரு மாதத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். பல் போனபோது பயப்படவில்லை, நெஞ்செலும்பை அறுப்பார்கள் என்று சொன்னபோது பயப்படவில்லை.

ரொம்ப காலம் கழித்து வால்வின் கதையைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. நிலைக்காமல்போன மாதிரிகளில் ஒன்றில் அந்தத் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்திருக்கிறார்கள். மூக்கிலிருந்த கல்லைக் கழற்றச் சொன்ன ஊரில், இதயத்துக்குக் கல் வைக்க யோசித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அட்மிஷனுக்கு முந்தின நாள் அத்தை அம்மாவின் தலையைப் பேன் சீப்பால் மூன்று தடவை வாரினாள். ஆபரேஷனுக்கு இரட்டைப் பின்னல்தான் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே யாரோ போடுவதற்கு முன்னால் தானே போட்டுவிட்டாள். நாலு பிள்ளை பெற்றவள் இரட்டைப் பின்னலோடு ஜீப்பில் ஏறினாள். லயமே வாசலில் நின்றது. பிக் ஷாப்பர் பைகள் இரண்டு. ஒன்றில் பாய், தோர்த்து, ஃபிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், பொடியரிசி, ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய். இன்னொன்றில் யார் யாரோ கொடுத்த ரொட்டிப் பாக்கெட்டுகள். கூட இருக்க அத்தை வந்தாள். அவளுக்கு எஸ்டேட்டில் இருபத்தொரு நாள் சம்பளம் போனது. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மெடிக்கல் காலேஜுக்குக் கொஞ்சம் முன்னால் முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்கே உள்ளூர் என்று பேர். அம்மா ஜீப்பிலிருந்தே கும்பிட்டாள். "உள்ளூர் முருகன்தானே, நம்ம ஆளு, பாத்துக்கிடுவான்" என்றாள்.

பார்த்துக்கொண்டான். முருகனோ, வலியத்தானின் வளையமோ. பத்தொன்பது வருஷம் இருந்தாள். ரத்தம் உறையாமலிருக்க தினம் மாத்திரை, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி. கீரையைக் கண்டபடி தின்னக் கூடாது என்றது மட்டும் அவளுக்குப் பெரிய தண்டனை. வெளிநாட்டு வால்வு வைத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரம் மாதிரிக் கேட்கும் என்பார்கள். அம்மாவினுடையது அப்படியில்லை, பிளாஸ்டிக் தட்டு. காதை நெஞ்சில் வைத்தால்தான் கேட்கும். கெட்டில் மூடியை யாரோ மெல்ல வைக்கிற மாதிரி. மூக்கில் துவாரம் தூர்ந்துபோனது. மறுபடி குத்தலாம் என்றோம். ரத்தம் நிற்காத மாத்திரை சாப்பிடுகிறவள் குத்திக்கொள்ள முடியாது. தீப்பெட்டி அலமாரியில் இருக்கிறது.

அவளை மேலே எஸ்டேட் மயானத்தில்தான் புதைத்தோம். வேலை ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. பாதி லயங்களில் கூரை இல்லை. 2024 ஜூலையில் டாக்டர் வலியத்தான் இறந்துபோனதைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நிற்கின்றன. கொழுந்து கிள்ளாமல் விட்டால் தேயிலை மரம்தான் என்பது அங்கே பிறந்த எனக்கே புதிதாக இருந்தது. ட்ரையரின் தகரம் துருவேறி உதிர்கிறது. எங்கள் வாசலைக் கண்டுபிடிக்க முடியவில்லை; ரோஜாச் செடி இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அந்த மலையில் துருப்பிடிக்காத ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை தன் மகனோடு திருப்பூருக்குப் போய் அங்கேயே முடிந்துபோனாள்.

என் பையன் பெங்களூரில். லீவு கிடைக்காது என்பதை அவன் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன். மனைவிக்கு முட்டிவலி, ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது. அதனால் பைஸ்டாண்டருக்கு ஏஜென்சியில் சொல்லியிருக்கிறது. ஒரு பையன் வருவான், நாள் கணக்கில் கூலி, சாப்பாடு நம் பொறுப்பு. போனில் பேசினேன். மலையாளத்தில் மரியாதையாகப் பேசினான். "அங்கிள், ஃபைல் மாத்திரம் மதி, வேறொன்னும் எடுக்கண்டா" என்றான். சரிதான். ஃபைல் தயார். எல்லாவற்றிலும் இரண்டு நகல், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவதும். இத்தனை காகிதத்துக்கு நான் யாரிடமும் காசு கொடுக்கவில்லை என்பதில் ஒரு அற்பத் திருப்தி.

இன்று ராத்திரி மனைவி நூல்கண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, மோதிரத்துக்கு அடியில் நூல் முனையை நுழைத்து, கணு வரைக்கும் நெருக்கி நெருக்கிச் சுற்றினாள். பிறகு அடி முனையைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி வந்தது. எங்கே கற்றாள் என்று கேட்டேன். யூடியூப் என்றாள். விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுப்பாக ஒரு வளையம். அதைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பையை எடுத்து வைத்தாள். ஃபைல், தோர்த்து, போன் சார்ஜர். அப்புறம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஃபிளாஸ்கை இறக்கிக் கழுவ ஆரம்பித்தாள். "அது எதுக்கு? எனக்குத்தான் தண்ணிகூட ஆகாதே. அங்க கேண்டீன் இருக்கு" என்றேன்.

"ஒமக்கில்ல" என்றாள். "கூட இருக்க வாற புள்ளைக்கு."